எங்கள் வீட்டில் இல்லாத அறை வெப்பநிலை

8 ஏப்ரல் 2024, திங்கள், கொழிஞ்சாம்பாறை (பாலக்காடு மாவட்டம், கேரளம்)

பால் சங்கத்தில் இருந்த முப்பத்தோரு வருடமும் பாலைக் குளிர வைக்கத்தான் பாடுபட்டேன். கறந்த பால் மாட்டின் உடல் சூட்டோடு, 38 டிகிரிக்குச் சற்று மேலே, கேனில் வந்து இறங்கும். அதை 4 டிகிரிக்குக் கொண்டுபோகும் வரை எனக்கு இருப்புக் கொள்ளாது. இன்று காலை ஃப்ரிட்ஜில் 4 டிகிரியில் இருந்த பாலை எடுத்து, மறுபடி உடல் சூட்டுக்கு ஏற்றுவது எப்படி என்று யோசித்து நின்றேன்.

மகளின் 26 வார மகப்பேறு விடுப்பு முடிந்துவிட்டது. வேலந்தாவளம் வழியாகக் கோயம்புத்தூர் போகும் பஸ்ஸுக்கு ஆறே முக்காலுக்குக் கிளம்பினாள். இரட்டையருக்கு நாளை ஆறு மாதம். பையன் பதினோரு நிமிடம் மூத்தவன், அந்தத் தோரணை இப்போதே இருக்கிறது. ஃப்ரிட்ஜின் உள் மூலையில் சின்னச் சின்னக் கண்ணாடிப் புட்டிகளில் தாய்ப்பால், ஒவ்வொன்றிலும் தேதியும் நேரமும் எழுதியிருக்கிறாள். நான்கு நாளுக்குள் தீர்க்க வேண்டுமாம். பழையதை முதலில் எடு, கதவுப் பக்கம் வைக்காதே என்று எனக்குப் பாடம் வேறு. பால் விஷயத்தில் எனக்கு!

புட்டியை வெந்நீர்க் கிண்ணத்தில் நிறுத்தி, சங்கத்துக் காலத்துத் தெர்மாமீட்டரை எடுத்து வந்தேன். மனைவி மணிக்கட்டின் உட்புறத்தில் இரண்டு சொட்டு விட்டுப் பார்த்து, "போதும்" என்றாள். பார்த்தேன். 36.

10 ஏப்ரல், புதன்

பேத்தியைப் பற்றி ஒரு கண்டுபிடிப்பு. பையனின் பால் சூடாகிக்கொண்டிருந்தபோது இவள் வீட்டுக் கூரை பிய்கிறது போல அலறினாள். அவசரத்தில் மனைவி ஆறிப்போயிருந்த மிச்சத்தைப் பாலாடைச் சங்கில் ஊற்றிப் புகட்டிவிட்டாள். ஒரு முகச்சுளிப்பும் இல்லை. மாலையில் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு ஒரு வாய் கொடுத்துப் பார்த்தேன். கண்ணை அகல விரித்தாள், சப்புக் கொட்டினாள், இன்னும் கேட்டாள். பையனுக்கு அதே பாலைக் கொடுத்தால் உதட்டை இறுக மூடிக்கொள்கிறான்.

பொள்ளாச்சியிலிருந்து சம்பந்தியம்மா போனில், "குளிர்ந்த பாலா? நெஞ்சில் சளி கட்டிவிடும், சொல்லிவிட்டேன்" என்றார். அவரிடம் வாதாட எனக்குத் தைரியம் கிடையாது.

12 ஏப்ரல், வெள்ளி

பாலக்காட்டுச் சித்தூரில் குழந்தை மருத்துவரிடம் கேட்டேவிட்டேன். குளிர்ந்தோ, சாதாரணமாகவோ, வெதுவெதுப்பாகவோ கொடுக்கலாம், நிறை மாதக் குழந்தை நன்றாக இருந்தால் அது அதன் விருப்பம் என்றார். குறைமாதக் குழந்தை என்றால் வேறு, அங்கே சூட்டைக் கவனித்துத்தான் கொடுப்பார்களாம். சளிக்குக் காரணம் கிருமி, பாலின் குளிர்ச்சி அல்ல. சம்பந்தியம்மாவிடம் இதை யார் சொல்வது என்பது இன்னும் முடிவாகவில்லை.

14 ஏப்ரல், ஞாயிறு

விஷு. நமக்குச் சித்திரை ஒன்று. குழந்தைகள் இருவரையும் கண்ணைப் பொத்திக் கூட்டிவந்து, கணி (விடிந்ததும் முதலில் பார்க்கும் மங்கலப் பொருட்கள்) காட்டினோம். கொன்றைப் பூவை ஒருத்தி தின்னப் பார்த்தாள்.

16 ஏப்ரல், செவ்வாய்

இன்று நடந்ததை எழுதக் கை கூசுகிறது.

பையன் ஏங்கி ஏங்கி அழுதான். மகள் வாங்கிப் போட்டிருக்கும் மைக்ரோவேவ் அடுப்பில் அரை நிமிடம் வைத்துவிட்டேன். புட்டியைத் தொட்டால் இதமாகத்தான் இருந்தது. பழக்கதோஷத்தில் தெர்மாமீட்டரை விட்டேன். அடியில் 33, மேலே 56. அதே புட்டி, அதே பால். மைக்ரோவேவ் சமமாகச் சூடாக்காது, ஆங்காங்கே கொதிப்பு நிற்கும் என்பது எனக்குத் தெரியாத சங்கதியா என்ன? மணிக்கட்டில் விழுந்த சொட்டு அடிப்பாலாக இருந்து, நாக்கில் விழுந்தது மேல்பாலாக இருந்தால்? நினைத்தால் வயிறு கலங்குகிறது. கொட்டிவிட்டேன்.

இரவு சொன்னேன். மகள் திட்டவில்லை. "அப்பா, அந்த அறுபது மில்லி எனக்கு இருபத்தைந்து நிமிடம்" என்றாள். அலுவலகத்தில் பால் எடுப்பதற்கென்று தனி அறை இல்லை, சாமான் அறையில் கதவுக்கு நாற்காலி போட்டு உட்காருகிறாளாம். லிட்டருக்கு இவ்வளவு என்று முப்பது வருடம் கணக்கு எழுதியவன், அந்த அறுபது மில்லிக்கு என்ன விலை போடுவது?

19 ஏப்ரல், வெள்ளி

தமிழ்நாட்டில் ஓட்டுப்பதிவு, மகளுக்கு விடுமுறை. எங்களுக்கு அடுத்த வெள்ளி. இன்று இரண்டு பேருக்கும் நேராகத் தாயிடமே. 37 டிகிரி, பாத்திரம் கழுவும் வேலை இல்லை.

சாயங்காலம் மனைவி ஒரு புட்டியை மோந்து பார்த்து, "சோப்பு வாடை அடிக்கிறது, கெட்டுவிட்டது" என்று கொட்டப் போனாள். பிடுங்கி வைத்தேன். பாலில் லிப்பேஸ் என்ற நொதி கொழுப்பை மெல்லச் சிதைக்கும், ஃப்ரிட்ஜில் இருந்தாலும் விடாது. வாடை மாறும், குழந்தைக்குக் கெடுதல் இல்லை. மேலே ஏடு போல் கொழுப்பு திரண்டு நிற்பதும் அப்படித்தான். மோர் கடைகிற மாதிரிக் குலுக்க வேண்டாம், புட்டியை மெல்லச் சுழற்றினால் கலந்துவிடும். முப்பத்தொரு வருடத்தில் முதல் தடவையாக என் படிப்பு வீட்டில் எடுபட்டது.

23 ஏப்ரல், செவ்வாய்

ராகிக் கூழ் தொடங்கியாயிற்று. ஆனாலும் எடுத்து வைக்கும் பால் இருவருக்கும் மாலை வரை போதவில்லை. மருத்துவர் பால் மாவு எழுதிக் கொடுத்தார். இங்கே கணக்கே வேறு. மாவு கிருமியற்றது அல்ல, அதனால் 70 டிகிரிக்குக் குறையாத நீரில்தான் கலக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. கலக்குவது 70இல், கொடுப்பது உடல் சூட்டில். இடையில் வேகமாக ஆற்றியாக வேண்டும்.

குழாயைத் திறந்து அதன் கீழே புட்டியைப் பிடித்தேன். மாடித் தொட்டித் தண்ணீர், மதியம் ஒரு மணி, 39 டிகிரி! ஆற்றுகிறேனா, காய்ச்சுகிறேனா? மனைவி ஒன்றும் சொல்லாமல் மண்பானைத் தண்ணீரைக் கிண்ணத்தில் ஊற்றி நகர்த்தினாள். ஐந்தே நிமிடம்.

29 ஏப்ரல், திங்கள்

பாலக்காட்டில் 41 டிகிரியைத் தாண்டிவிட்டது, வெப்ப அலை எச்சரிக்கை. பத்தரைக்கு மின்சாரம் போயிற்று.

மருத்துவமனையில் கொடுத்த தாளை எடுத்தேன். எடுத்த பால் அறை வெப்பநிலையில் நான்கு மணி நேரம் தாங்கும். அறை வெப்பநிலை என்றால் 25 வரை என்று சின்ன எழுத்தில். எங்கள் கூடத்தில் 36. அந்த 25 டிகிரி அறை கொழிஞ்சாம்பாறையில் சித்திரை மாதத்தில் யார் வீட்டில் இருக்கிறது? ஆனைமலைக்குத்தான் போக வேண்டும்.

ஃப்ரிட்ஜைத் திறக்கவே கூடாது என்று உத்தரவு போட்டேன். பன்னிரண்டு மணிக்குப் பேத்திக்காக நானே திறந்தேன். அவள் குளிரக் குளிரக் குடித்தாள். பையனுக்கு வெந்நீர்க் கிண்ணம் எடுக்கப் போனால் மனைவி தடுத்தாள். புட்டியைக் கூடத்து மேசையில் சற்று நேரம் வைத்தாள், தானாகவே இளஞ்சூடு வந்துவிட்டது. குடித்தான்.

மீதி ஐந்து புட்டி. கடைத்தெருவில் மீன்காரர் ஐஸ் தருவதாகச் சொன்னார், மனைவி பார்த்த பார்வையில் அதை விட்டுவிட்டேன். பெட்டியில் வைத்து ஸ்கூட்டரில் சங்கத்துக்குப் போனேன். ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. மாதிரிப் பால் வைக்கும் ஃப்ரிட்ஜில் மேல்தட்டை ஒழித்துக் கொடுத்தார்கள். என்னிடம் வேலை பழகிய பையன்தான் இப்போது பரிசோதகர். புட்டிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், உறுப்பினர் எண் என்ன போட?" என்றான்.

மூன்றரைக்கு மின்சாரம் வந்தது. ஐந்தும் திரும்பி வந்தன, 4 டிகிரியில்.