மார்வெல் ஸ்னாப்: எப்போது எழுந்துகொள்வது?

மார்வெல் ஸ்னாப் என்ற கைப்பேசி அட்டை விளையாட்டைப் புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, எந்த அட்டை பலமானது என்பதைத்தான். எனக்கோ, தோற்கப்போகும் ஆட்டத்திலிருந்து எப்போது எழுந்துகொள்ள வேண்டும் என்பதையே முதல் பாடமாகச் சொல்லிக்கொடுக்கத் தோன்றும். அதற்கு ஆட்டத்தின் அமைப்பு ஓரளவு தெரிந்திருக்க வேண்டும்.

ஹார்த்ஸ்டோன் என்ற அட்டை விளையாட்டின் இயக்குநராக இருந்த பென் புரோடு, அதை உருவாக்கிய பிளிஸார்டு நிறுவனத்தை விட்டு வெளியேறி, செகண்ட் டின்னர் என்ற நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். அந்த நிறுவனம் உருவாக்கிய மார்வெல் ஸ்னாப் 2022 அக்டோபரில் வெளியானது. ஒரு ஆட்டம் சில நிமிடங்களில் முடிந்துவிட வேண்டும் என்ற எண்ணம் விதிகள் அனைத்திலும் தெரிகிறது. நம் டெக்கில், அதாவது நாம் ஆட எடுத்துவரும் அட்டைக் கட்டில், 12 அட்டைகள் மட்டுமே. ஒரே அட்டையை இருமுறை வைக்க முடியாது. ஆட்டம் 6 சுற்றுகள். நடுவில் மூன்று களங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு ஆட்டக்காரர் நான்கு அட்டைகள் வரை வைக்கலாம். மூன்றில் இரண்டு களங்களில் யாருடைய அட்டைகளின் பலத்தின் கூட்டுத்தொகை அதிகமோ அவருக்கே வெற்றி.

அட்டையை இறக்கச் செலவழிக்க வேண்டியது எனர்ஜி. முதல் சுற்றில் 1 எனர்ஜி, இரண்டாவதில் 2 என ஆறாவது சுற்றில் 6 வரை கிடைக்கும். செலவழிக்காத எனர்ஜி அடுத்த சுற்றுக்கு வராது. ஆகவே டெக் முழுவதையும் 5, 6 எனர்ஜி கேட்கும் பெரிய அட்டைகளால் நிரப்பினால் முதல் நான்கு சுற்றுகள் வீணாகப் போகும். தொடக்கத்தில் கையில் மூன்று அட்டைகள், பிறகு சுற்றுக்கு ஒன்று என்பதால், ஆறாவது சுற்றுக்குள் 12 அட்டைகளில் 9 கைக்கு வந்துவிடும். குறிப்பிட்ட ஓர் அட்டை கிடைக்கும் வாய்ப்பு நான்கில் மூன்று பங்கு. ஆனால் குறிப்பிட்ட இரண்டு அட்டைகள் சேர்ந்தே கிடைக்கும் வாய்ப்பு பாதிக்குச் சற்று மேல்தான். ஒரே ஒரு ஜோடியை மட்டும் நம்பிக் கட்டிய டெக் ஏன் அடிக்கடி கைவிடுகிறது என்பதற்கு இந்தக் கணக்கே போதும். தொடக்கக்காரர்களுக்கு நான் பரிந்துரைப்பது, ஸ்குவிரல் கேர்ள், ஆன்ட்-மேன் போன்ற 1 எனர்ஜி அட்டைகளைப் பரப்பிவிட்டு, கா-ஸார், புளூ மார்வெல் ஆகியவற்றால் அவற்றின் பலத்தைக் கூட்டும் டெக். எந்த வரிசையில் அட்டைகள் வந்தாலும் அது ஓரளவு வேலை செய்யும்.

களங்களோ ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். முதல் மூன்று சுற்றுகளில் இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகத் திறக்கும் அவற்றுக்கெனத் தனி விதிகள் உண்டு: நிடவெல்லிரில் ஒவ்வோர் அட்டைக்கும் 5 பலம் கூடும்; சாங்க்டம் சாங்க்டோரத்தில் கையிலிருந்து எந்த அட்டையையும் இறக்கவே முடியாது.

அட்டை சேர்ப்பதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. ஆடும்போது கிடைக்கும் கிரெடிட்டையும் பூஸ்டரையும் கொடுத்து அட்டையின் தோற்றத்தை மேம்படுத்தினால் கலெக்‌ஷன் லெவல் உயரும். அது உயர உயரப் புதிய அட்டைகள் வரும். தோற்றத்தை எவ்வளவு மினுக்கினாலும் பலம் கூடாது. அட்டைகள் தொடர்களாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன; அவற்றில் முதல் இரண்டு தொடர்களின் அட்டைகள் ஆடிக்கொண்டே இருந்தால் பணம் செலவழிக்காமலே வந்து சேரும் என்பதால், அதுவரை கடைப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

இருவரும் ஒரே நேரத்தில் அட்டைகளைக் கவிழ்த்து வைக்கிறோம். பிறகு அவை திறக்கப்படுகின்றன. யாருடையது முதலில் திறக்கும் என்பதைப் பலர் கவனிப்பதே இல்லை. அந்த நேரத்தில் முன்னிலையில் இருப்பவருடைய அட்டைகளே முதலில் திறக்கும். உதாரணமாக, ஐந்தாவது சுற்றில் எதிராளி நடுக்களத்தில் ஒயிட் டைகரை இறக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒயிட் டைகரின் ஆன் ரிவீல் திறன், அதாவது அட்டை திறக்கும்போது இயங்கும் திறன், வேறொரு களத்தில் பலமான புலியொன்றைக் கொண்டுவந்து நிறுத்தும். ஆறாவது சுற்றில் அதே நடுக்களத்தில் ஓடின் வந்தால், அந்தத் திறன் மீண்டும் இயங்கி இன்னொரு புலியும் வரும். நம் கையிலோ காஸ்மோ இருக்கிறது. அது இருக்கும் களத்தில் எந்த ஆன் ரிவீல் திறனும் இயங்காது. நாம் முன்னிலையில் இருந்தால் காஸ்மோ முதலில் திறந்து ஓடினை வெறும் எண்ணாக்கிவிடும். பின்தங்கியிருந்தால் ஓடின் முதலில் திறந்து, புலியும் வந்து நின்ற பிறகுதான் காஸ்மோ கண்விழிக்கும். அதே இரண்டு அட்டைகள், அதே களம், ஆனால் முடிவு நேரெதிர்.

இப்போது ஸ்னாப், அதாவது பந்தயத்தை இரட்டிப்பாக்குவது. பந்தயப் புள்ளிக்குக் கியூப் என்று பெயர். ஆட்டம் 1 கியூபில் தொடங்குகிறது. யாராவது ஸ்னாப் செய்தால் பந்தயம் அடுத்த சுற்றிலிருந்து இரட்டிப்பாகும். மற்றவரும் செய்தால் மீண்டும் இரட்டிப்பு. கடைசிச் சுற்றை ஆடி முடித்தால் தானாகவே ஒருமுறை இரட்டிப்பு. ஆக 8 கியூப் வரை போகலாம். எதிராளி ஸ்னாப் செய்த அதே சுற்றில் பின்வாங்கினால் 1 கியூபோடு போகும். இருந்து ஆடி முடித்துத் தோற்றால் குறைந்தது 4. வீட்டில் ரம்மி ஆடியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்: கைச் சீட்டைப் பார்த்ததும் ஸ்கூட் அடித்து 20 புள்ளியோடு தப்புவதற்கும், நம்பிக்கையில் உட்கார்ந்து ஃபுல் 80 வாங்குவதற்கும் உள்ள வேறுபாடுதான் இது.

மேலே சொன்ன ஆட்டத்தில் எதிராளி ஐந்தாவது சுற்றில் ஸ்னாப் செய்கிறார், நாம் பின்தங்கியிருக்கிறோம், காஸ்மோவைத் தவிரக் கையில் உருப்படியாக எதுவும் இல்லை என்றால், யோசிக்கவே வேண்டாம், கிளம்பிவிடலாம். முன்னிலையில் இருந்தால், ஓடின் வருவார் என்று எதிர்பார்த்து நாமும் ஸ்னாப் செய்யலாம். அவர் விடாமல் ஆடினால் 8 கியூப் நமக்கு. ஆறு ஆட்டங்களில் ஒவ்வொரு கியூபாக விட்டுக்கொடுத்து, ஏழாவதில் 8 கியூப் எடுத்தவர், ஒரே ஒரு வெற்றியோடு 2 கியூப் லாபத்தில் தரவரிசையில் மேலே நகர்ந்திருப்பார்.