15 மணி நேரத்துக்கு ஒரு பழுது

போர் விமான ரேடார் என்றாலே, அது எவ்வளவு தொலைவில் உள்ள இலக்கைக் கண்டுபிடிக்கும் என்பதுதான் பலருக்கும் முதல் கேள்வியாக இருக்கிறது. எத்தனை மணி நேரம் பழுதாகாமல் ஓடும் என்பதைக் கேட்பவர்கள் குறைவு. ஆனால் பல பத்தாண்டுகளுக்கான செலவை நிர்ணயிப்பது இந்த இரண்டாவது கேள்விதான் என்பதை அமெரிக்கப் போர் விமானமான எஃப்-15-இன் ஏபிஜி-63 ரேடாரைப் பற்றிப் படித்தபோதுதான் நான் முழுமையாக உணர்ந்தேன்.

1970-களில் ஹியூஸ் நிறுவனம் உருவாக்கிய அந்த ரேடார் தன் காலத்தில் மிகுந்த திறன் வாய்ந்தது. ஆனால் அதன் மின்னணுப் பாகங்கள் பழையனவாகி, மாற்றுப் பாகம் கிடைப்பதும் அரிதான பிறகு, இரு பராமரிப்புகளுக்கு இடைப்பட்ட சராசரி நேரம் 15 மணிக்கும் கீழே இறங்கியது. அதைச் சரிசெய்ய வந்த ஏபிஜி-63(வி)1 வடிவம் நம்பகத்தன்மையைப் பத்து மடங்கு உயர்த்துவதை இலக்காகக் கொண்டிருந்தது.

பத்து மடங்கு என்பதன் பொருளை ஒரு கற்பனைக் கணக்கில் பார்க்கலாம். ஒரு படைப்பிரிவில் 24 விமானங்கள் இருந்து, ஒவ்வொன்றும் ஆண்டுக்கு 250 மணி பறந்தால் மொத்தம் 6,000 மணி. 15 மணிக்கு ஒருமுறை பழுது என்றால் ஆண்டுக்கு 400 பழுதுகள். 150 மணிக்கு ஒருமுறை என்றால் 40. ஒவ்வொரு பழுதுக்கும் ரேடாரின் மின்னணுப் பெட்டி ஒன்று கழற்றப்பட்டு, பணிமனைக்குப் போய்த் திரும்ப 60 நாள் ஆகிறது என்று கொண்டால், முதல் நிலையில் எந்த நாளிலும் ஏறக்குறைய 66 பெட்டிகள் வழியிலோ பழுதுபார்ப்பு மேசையிலோ கிடக்கும். இரண்டாம் நிலையில் ஏழு போதும். அந்த 66 பெட்டிகளும் விலை கொடுத்து வாங்கியும் பறக்காமல் முடங்கிக் கிடக்கும் முதலீடு. சோதனைக் கருவிகள், அவற்றை இயக்கப் பயிற்சி பெற்றவர்கள், உதிரிப் பாகம் வரும்வரை தரையில் நிற்கும் விமானம் ஆகியவற்றின் செலவு இதற்கு மேல்.

இன்னொரு செலவை ஏட்டுக் கணக்குகள் பெரும்பாலும் தவறவிடுகின்றன. வானில் அதிர்விலும் குளிரிலும் வெளிப்பட்ட குறை, தரையில் சோதிக்கும்போது தென்படாமல் போகும். இணைப்பியின் ஒரு முனை தளர்ந்திருந்ததற்காக நல்ல பெட்டி ஒன்று கழற்றப்பட்டு, சோதிக்கப்பட்டு, "குறை இல்லை" என்ற சீட்டுடன் திரும்பி வரும். உண்மையான குறையோ விமானத்திலேயே தங்கிவிடும். அதனால் ஆய்வகத்தில் பெற்ற நம்பகத்தன்மை எண்ணை நான் தனியாக நம்புவதில்லை. விமானத்தளத்தில் எத்தனை முறை பெட்டி கழற்றப்பட்டது என்ற பதிவையே முதலில் தேடுகிறேன்.

2000-ஆம் ஆண்டின் இறுதியில் அலாஸ்காவின் எல்மென்டார்ஃப் தளத்தைச் சேர்ந்த 18 எஃப்-15சி விமானங்களுக்கு, ஆன்டெனாவை அசைக்காமல் ரேடார் அலைக்கற்றையை மின்னணு முறையில் திருப்பும் ஏபிஜி-63(வி)2 கிடைத்தது. முந்தைய வடிவங்களில் ஆன்டெனாவைச் சுழற்றிய ஹைட்ராலிக் (திரவ அழுத்த) அமைப்பு அதில் தேவைப்படவில்லை. அலைகளை அனுப்பும் ஒற்றை டிரான்ஸ்மிட்டரின் வேலையை ஏராளமான சிறு தொகுதிகள் பகிர்ந்துகொள்வதால், சில செயலிழந்தாலும் கற்றை சற்றே மங்குமே தவிர ரேடார் நின்றுவிடாது. செயலிழந்தவற்றைத் திட்டமிட்ட நாளில் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அத்தனை தொகுதிகளுக்கும் பொதுவான குளிரூட்டும் திரவ ஓட்டமும் மின்வழங்கியும் நின்றால் எல்லாமே நின்றுவிடும். ஆகவே இத்தகைய ரேடாரின் உதிரிப் பாகப் பட்டியலை நான் தொகுதிகளிலிருந்து அல்ல, குளிரூட்டும் பம்பிலிருந்தே படிக்கத் தொடங்குவேன்.