மகளின் கரப்பான்

காரைக்குடியில் எங்கள் வீட்டு வளவில் ஆத்தங்குடிக் கல்லின் குளிர்ச்சிக்காக முழங்கையை அழுத்திப் படுத்திருக்கும் ஆறு வயது மகளைப் பார்க்கும்போதே, இரவெல்லாம் அவள் சொறிந்திருப்பது எனக்குத் தெரிந்துவிடும். அப்பத்தா இந்தத் தோல் அரிப்பைக் கரப்பான் என்று சொல்லி, கத்தரிக்காயையும் கருவாட்டையும் நிறுத்தச் சொன்னார்கள்; நிறுத்தியும் அரிப்பு குறையவில்லை. தோலின் மேலடுக்கைக் காக்கும் ஃபிலாக்ரின் என்னும் புரதம் சிலருக்குப் பிறவியிலேயே குறைவாக இருப்பதால் ஈரம் வெளியேறி, வியர்வையும் தூசியும் எளிதில் உறுத்துகின்றன என்று மருத்துவர் விளக்கினார். இது தொற்றுநோய் அன்று. உறவினர்கள் குழந்தையைத் தொடத் தயங்கியது இன்னும் எனக்கு வலிக்கிறது.

நலங்கு மாவை விட்டோம். வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடத்துக்குள் குளிப்பாட்டி, ஈரம் காயுமுன் வாசனையில்லாத களிம்பைத் தாராளமாகப் பூசுகிறோம். சிவந்த இடங்களுக்கு மட்டும் மருத்துவர் எழுதித்தந்த ஸ்டீராய்டு களிம்பு: பெரியவரின் சுட்டுவிரல் நுனியிலிருந்து முதல் மடிப்புவரை பிதுக்கினால் ஏறத்தாழ 0.5 கிராம், அது, விரல்களையும் சேர்த்து, பெரியவரின் இரண்டு உள்ளங்கை அகலத் தோலுக்குப் போதுமானது. பயந்து அதைப் பாதியில் நிறுத்தியதே நான் செய்த பெரிய தவறு. அப்பத்தாவின் பழைய கண்டாங்கிச் சேலை, துவைத்துத் துவைத்து மெத்தென்றாகி, இப்போது அவளுக்குப் படுக்கை விரிப்பாக இருக்கிறது.