பார்க்கலாம்

"லேசர் வெச்சா பார்வை வந்துருமா தம்பி?" என்று எங்கள் கண் ஆஸ்பத்திரியில் ஒருவர் கேட்டார். "பார்க்கலாம்ணே" என்றேன். நடந்தது இவ்வளவுதான்.

காசிமேட்டில் விசைப்படகுக்குப் போனவர். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் வின்ச் கயிறு தெறித்து இடது கண்ணில் அடி, உள்ளே ரத்தம் கட்டி அதுவாகவே கரைந்துபோனதாம், அதோடு மறந்துவிட்டார். அடிபட்டு வருகிற கிளாக்கோமா, அதாவது கண்ணுக்குள் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பைக் கெடுக்கிற நோய், அப்படித்தான். கண்ணுக்குள் நீர் வடிகிற கோணம் அடியில் கிழிந்து தழும்பாகி, சில பேருக்கு வருஷக்கணக்கு கழித்துக் கண் பிரஷரை ஏற்றும். 21க்குள் இருக்க வேண்டியது அவருக்கு 42. நரம்பு பெரும்பாலும் போய்விட்டது, மூன்று சொட்டு மருந்துக்கும் இறங்கவில்லை. வடிகாலில் வைக்கிற லேசர் அடிபட்ட கோணத்தில் அவ்வளவாக எடுபடாது என்பதால், நீர் சுரக்கிற இடத்திலேயே டயோடு லேசர் வைத்துச் சுரப்பைக் குறைக்கலாம் என்று டாக்டர் எழுதினார்.

ஆறு வாரத்தில் பிரஷர் 17. வலியும் இல்லை. எங்கள் கணக்கில் நல்ல ரிசல்ட். அவருக்குக் கையசைவது மட்டும் தெரிந்தது, முன்பும் அதேதான். அவர் ஒன்றும் சொல்லவில்லை, கூட வந்த மனைவிதான், "இன்னா தம்பி, பாக்கலாம்னு நீதான சொன்ன?" என்றார்.

நான் சொன்னது 'அப்புறம் பார்ப்போம்'. அவர்கள் வீட்டுக்கு எடுத்துப்போனது 'கண்ணால் பார்க்கலாம்'.

இழந்த பார்வை திரும்பாது என்று ஒப்புதல் படிவத்தில் தமிழிலேயே இருக்கிறது, நானே வாசித்துக் காட்டினேன், கீழே அவர் கையெழுத்து. டாக்டரும் சொன்னார். வெளியே முப்பது டோக்கன் காத்திருந்தது. சரி, ஆனால் அவர் கேட்டது நான் வாசித்து முடித்த பிறகு. வராது என்று எனக்கு அப்போதே தெரியும். சொன்னால் எழுந்து போய்விடுவாரோ என்று பயந்தேன் என்றுதான் இத்தனை நாளாகச் சொல்லிக்கொள்கிறேன், ராத்திரி முழுக்க வலியில் தூங்காமல் வந்தவர் எங்கே போகப் போகிறார், அதுவும் எனக்குத் தெரியும். அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதானோ என்னவோ.

போன மாதம் தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு அம்மா, அவருக்கும் பழைய அடிதான். இந்த முறை நேராகச் சொன்னேன்: "போன பார்வை வராதும்மா, இருக்கிறதைக் காப்பாத்தத்தான்." முதல் பாதியோடு நிறுத்திக்கொண்டார் போல. "வராததுக்கு எதுக்குப்பா செலவு" என்று ஃபைலைக் கட்டைப்பையில் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டார். அவருக்கு இன்னும் பாதிக்கு மேல் பார்வை இருந்தது. இரண்டு தடவை போன் போட்டேன், எடுக்கவில்லை.