கோங்கோங் ஊரைத் தேடி தைஷானுக்கு: காகிதம் கைவிட்டது, கல் காப்பாற்றியது

சீனாவில் பூர்வீகக் கிராமத்தைத் தேடிப் போகிற யோசனை இருந்தால் டிக்கெட், ஹோட்டல் எல்லாம் அப்புறம். முதலில் கல்லறைக்குப் போங்கள். அரசாங்க கவுண்டர் பக்கமே போகாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே கிடைக்கிற எதுவும் ஊரைக் காட்டாது.

எங்கள் கதை இதுதான். நாங்கள் மலேசியாவின் ஈப்போ நகரத்துக்காரர்கள். அம்மா சீனர், அப்பா தமிழர். அம்மாவின் அப்பாவை நாங்கள் கோங்கோங் என்போம், படத்தில் மட்டும் பார்த்தவர். தென் சீனாவின் குவாங்டொங் மாகாணத்தில் இருக்கிற தைஷானிலிருந்து இளவயதில் கப்பலேறி வந்து, ஈப்போ இருக்கிற கிந்தா பள்ளத்தாக்கில் ஈய லம்பத்தில் (சுரங்கத்தில்) வேலை செய்தவர். அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, 'கால் நடக்கும்போதே ஒரு தடவை போய்ப் பார்த்துவிடணும்' என்று ஆரம்பித்தார். குடும்பத்தில் எல்லாரும் ஒரே குரலில் சொன்னது, 'முதலில் மரணச் சான்றிதழ் நகல் எடு, அதில் ஊர் இருக்கும்' என்று.

எடுக்கப் போன இடத்தில் கவுண்டரில் இருந்தவர் என் அடையாள அட்டையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார். 'நீங்கள் இந்தியர். இவர் சீனர். எப்படி உறவு?' அம்மா பக்கத்திலேயே நிற்கிறார், கையில் பிறப்புச் சான்றிதழோடு. சரி, மகள்தான் என்று ஒப்புக்கொண்டதும் அடுத்த கேள்வி: கோங்கோங்குக்கும் அவர் மனைவி போபோவுக்கும் நடந்த திருமணத்தின் பதிவு எங்கே? தேநீர் கொடுத்துப் பெரியவர்கள் ஆசீர்வாதம் வாங்கி நடந்த கல்யாணத்துக்கு எங்கிருந்து பதிவு வரும்? மலேசியாவில் முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்ற சட்டம் 1982 மார்ச்சில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முன் வழக்கப்படி நடந்தவை சட்டப்படி செல்லும். இதை அவருக்கு நான் சொல்ல வேண்டியிருந்தது. 'மேலதிகாரியிடம் கேட்க வேண்டும், அவர் இன்று இல்லை' என்றார். அவர் இருக்கிற நாளில் கணினி வேலை செய்யவில்லை.

கடைசியில் நகல் கிடைத்தது. பிறந்த இடம் என்ற கட்டத்தில் 'சீனா' என்று ஒரே ஒரு சொல். பெயர் ஆங்கில எழுத்தில் வோங். கோங்கோங் பக்கத்து மொழியான கான்டனீஸில் வோங் என்று ஒலிக்கிற குடும்பப் பெயர்கள் குறைந்தது இரண்டு உண்டு, எழுத்து வேறு, குலம் வேறு. எந்த வோங் என்று அந்தத் தாளைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. இத்தனை அலைச்சலுக்கும் லாபம் அவ்வளவுதான்.

ஊர் இருந்தது கல்லில். பழைய சீனக் கல்லறைகளில் நடுவில் பெரிய எழுத்தில் பெயர் இருக்கும். ஓரத்திலோ மேலேயோ சின்ன எழுத்தில் மாகாணம், மாவட்டம், கிராமம். எங்கோ புதைத்தாலும் ஆவிக்கு ஊர் மறந்துவிடக் கூடாது என்று வெட்டிவைப்பார்கள். கோங்கோங் கல்லில் சிவப்புச் சாயம் உதிர்ந்து, பாதி பாசி. மயான அலுவலகத்துப் பையன் கம்பிப் பிரஷ்ஷைத் தூக்கிக்கொண்டு வந்தான். நல்ல வேளை, அம்மா தடுத்துவிட்டார். தேய்த்தால் இருக்கிற எழுத்தும் போய்விடும். தண்ணீர் ஊற்றி மெல்லிய துணியால் துடைத்தோம். உச்சி வெயிலில் ஒன்றும் தெரியாது. காலை ஏழரை மணிக்குச் சாய்வாக விழுகிற வெளிச்சத்தில் வெட்டுக்குள் நிழல் தேங்கும், அப்போது எடுத்த படத்தில்தான் கிராமத்தின் பெயர் தெளிவாக வந்தது. தேதியைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். பல கற்களில் சீனக் குடியரசு ஆண்டுதான் இருக்கும், அதோடு 1911 கூட்டிக்கொள்ளுங்கள். எங்கள் கல்லில் 50, அதாவது 1961.

படத்தை எடுத்துக்கொண்டு ஊர்ச் சங்கம் ஒன்றுக்குப் போனோம். தைஷான்காரர்களுக்கு இந்தப் பக்கம் பழைய சங்கங்கள் உண்டு. சிங்கப்பூரின் நிங் யோங் சங்கம் 1822இலேயே ஆரம்பித்தது. நாங்கள் போன சங்கத்துப் பெரியவர் ஒரு பார்வையில் எந்த வோங் என்று சொல்லிவிட்டார். கூடவே ஒரு கேள்வி: 'வீட்டில் மூதாதையர் பலகை இருக்கிறதா? அதைத் திறந்து பார்த்தீர்களா?' திறக்க முடியும் என்பதே எங்களுக்குத் தெரியாது. மாமா வீட்டுப் பூஜை மாடத்தில் இருந்த மரப்பலகை, ஊதுபத்தி ஏற்றி அனுமதி கேட்டுவிட்டு முன்பக்கத்தை மெல்ல இழுத்தால் கழன்று வந்தது. உள்ளே இன்னொரு பலகை, அதில் மையால் பிறந்த நாள், நேரம், இன்னொரு பெயர். வெளியில் இருக்கிற புகைக்கரி ஒரு துளிகூட உள்ளே இல்லை. அந்த இன்னொரு பெயர் என்னவென்று அப்போது தெரியவில்லை. படம் எடுத்து வைத்தோம். இதைச் செய்யாமல் போயிருந்தால் போன காரியமே முடிந்திருக்காது.

உங்கள் கல்லில் தைஷான் என்றில்லாமல் சின்னிங் என்று இருந்தால் கலங்க வேண்டாம். 1914 வரை தைஷானுக்கு அதுதான் பெயர். ஹூனான் மாகாணத்திலும் ஒரு சின்னிங் இருக்கிறது, அங்கே போய் நிற்காதீர்கள். இதையெல்லாம் எங்கள் பயண ஏஜென்டுக்கும் விளக்கமாகத்தான் சொன்னோம். அவர் முன்பணம் வாங்கிக்கொண்டு அனுப்பிய முன்பதிவைப் பார்த்தால், ஹோட்டல் ஷான்டொங் மாகாணத்தில், பெயர் பெற்ற தைஷான் மலையடிவாரத்தில்! ஆங்கில எழுத்தில் இரண்டும் ஒன்றுதான். குவாங்டொங் எங்கே, ஷான்டொங் எங்கே, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் வடக்கே. 'நீங்கள் தைஷான் என்றுதானே சொன்னீர்கள்' என்றார். ரத்துக் கட்டணம் எங்கள் தலையில். ரயில் டிக்கெட்டிலும் இதே வம்பு காத்திருக்கிறது, ஆகவே சீன எழுத்தை ஒப்பிட்டுப் பார்க்காமல் எதற்கும் பணம் கட்டாதீர்கள்.

அடுத்து, கிராமத்தின் பெயர் கிடைத்துவிட்டது என்று நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. மங்கலமான பெயர்களாகப் பார்த்து வைத்திருப்பார்கள், ஒரே பெயரில் ஒரே மாவட்டத்திலேயே பல ஊர்கள் இருக்கும். 1960களில் ஹாங்காங்கில் இருந்த அமெரிக்கத் துணைத் தூதரகம் தைஷான், கைபிங் பகுதிக் கிராமங்களைக் குலப் பெயர் வாரியாகத் தொகுத்தது. அதை வைத்து உருவான தேடல் பட்டியல் இணையத்தில் இருக்கிறது. குலப் பெயரையும் கிராமப் பெயரையும் சேர்த்துத் தேடினால் வட்டம் சுருங்கும். எங்களுக்கு இரண்டு ஊர்கள் மிஞ்சின.

பயணம் சிக்கலில்லை. மலேசியக் கடப்பிதழுக்கு விசா வேண்டாம் (இந்தியக் கடப்பிதழ் என்றால் எடுத்தே ஆக வேண்டும்). குவாங்சோ வரை விமானம், அங்கிருந்து தைஷானுக்கு அதிவேக ரயில். கூகுள், வாட்ஸ்அப் வேலை செய்ய வேண்டுமென்றால் நம் ஊர் எண்ணிலேயே ரோமிங் போட்டுக்கொள்ளுங்கள். பணம் கட்ட உதவும் அலிபே செயலியில் நம் கார்டைக் கிளம்பும் முன்பே இணைத்துவிடுங்கள்.

தைஷானில் ஓர் அலுவலகத்துக்குப் போனால் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு வழிகாட்டுவார்கள் என்று கேள்விப்பட்டுப் போனோம். பகல் பன்னிரண்டுக்குக் கதவைச் சாத்துகிறவர்கள் இரண்டரைக்குத்தான் திறக்கிறார்கள், அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருந்த பெண் அம்மாவிடம் மட்டும் பேசினார். என்னைக் காட்டி 'இது வழிகாட்டியா?' என்று கேட்டார். மகள் என்றதும் சிரித்தார், அதோடு சரி. முன்கூட்டியே கடிதம் அனுப்பியிருக்க வேண்டும், ஊர்ச் சங்கத்தின் அறிமுகம் வேண்டும், படிவத்தைக் கொடுத்துவிட்டுப் போங்கள், தகவல் வந்தால் கூப்பிடுகிறோம் என்றார். ஆகவே இப்படி ஓர் அலுவலகத்தை நம்பிப் போகிறவர்கள் குறைந்தது ஒரு மாதம் முன்பே சீன எழுத்தில் கடிதம் அனுப்பிவிடுங்கள். கல்லறைப் படத்தையும் சேர்த்து. எங்களை இன்றுவரை யாரும் கூப்பிடவில்லை.

மறுநாள் காலை ஒரு காரைப் பிடித்தோம். நாள் வாடகைக்கே பேசிக்கொள்ளுங்கள், கிராமத்திலிருந்து திரும்ப வண்டி கிடைக்காது. ஓட்டுநர் நேராகக் கிராமக் கமிட்டி அலுவலகத்துக்குக் கொண்டுபோனார், அதுதான் சரியான இடம். அங்கிருந்த அம்மாள் கல்லறைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, இரண்டு போன் செய்து, 'அந்தப் பக்கம் போங்கள்' என்றார். போனோம். முன்னால் குளம், ஓரத்தில் ஆலமரம், பின்னால் மூங்கில், வரிசை பிடித்த செங்கல் வீடுகள். அம்மா அழவே ஆரம்பித்துவிட்டார். ஆனால் அந்த ஊரில் அத்தனை பேரும் சான் குலம், ஒரு வோங் கூட இல்லை. அழுதது வீண் என்று அம்மாவுக்குக் கோபம். அவர்கள் டீ கொடுத்து, வேர்க்கடலை கொடுத்து, அதே பெயருள்ள வோங் ஊருக்கு வழியும் சொல்லி அனுப்பினார்கள்.

அந்த ஊரில் மூதாதையர் கூடம் பூட்டிக் கிடந்தது. சாவி வைத்திருப்பவர் மாஜோங் ஆடப் போயிருந்தார். காத்திருந்தோம். நாங்கள் போனது நவம்பர், ஊரில் வயசானவர்கள்தான் இருந்தார்கள். ஏப்ரல் 4, 5 வாக்கில் வருகிற சிங்மிங் சமயத்தில் வந்திருந்தால் கல்லறை கும்பிட எல்லாரும் ஊருக்குத் திரும்பியிருப்பார்கள். அக்டோபர் முதல் வாரத் தேசிய விடுமுறையில் மட்டும் கிளம்பிவிடாதீர்கள், ரயிலில் இடம் கிடைக்காது.

பேச்சு இன்னொரு தடை. வயசானவர்கள் பேசுவது தைஷான் பேச்சு, ஈப்போ கான்டனீஸ் தெரிந்தவர்களுக்கே பாதிதான் புரியும். அம்மாவுக்கு அது அவர் அப்பாவின் பேச்சு. கோங்கோங் போனதும் பதினொரு வயதோடு அதைக் கேட்பது நின்றுபோன காது, அரை மணி நேரத்தில் பழகிவிட்டது.

சாவிக்காரர் வந்தார், வம்சாவளிப் புத்தகத்தை எடுத்தார். கலாசாரப் புரட்சியில் பழைய புத்தகம் எரிந்துபோய், பிறகு வெளிநாட்டில் இருந்த ஒரு பிரதியை வைத்து எழுதிக்கொண்டதாம். கல்லறைப் பெயரைத் தேடினார், இல்லை. மறுபடி தேடினார், இல்லை. 'வேறு ஊராக இருக்கும்' என்று மூடப் போனார். அப்போதுதான் பலகைக்குள் எடுத்த படத்தைக் காட்டினேன். அந்தப் பக்கத்து ஆண்களுக்குக் கல்யாணத்தின்போது தனியாக ஒரு பெயர் வைப்பார்களாம், புத்தகத்தில் ஏறுவது அதுதான். பலகைக்குள் இருந்த பெயர் அதுவே. விரலை ஓட்டிக்கொண்டே வந்தவர் ஓர் இடத்தில் நிறுத்தி 'நன்யாங் போனவர்' என்றார், தென்கடல் நாட்டுக்குப் போனவர் என்று.

பெயருக்குப் பக்கத்தில் மனைவி: லீ குலத்துப் பெண். போபோ லீ இல்லை.

இப்படி ஒன்றுக்குத் தயாராகப் போங்கள். இங்கே ஒரு குடும்பம், அங்கே ஒரு குடும்பம் என்று இருந்த ஆண்கள் அந்தக் காலத்தில் ஏராளம். கோங்கோங் கப்பலேறும் முன்பே கல்யாணம் ஆனவர். அந்த அம்மாள் ஒரு பையனைத் தத்தெடுத்து வளர்த்து, அந்த வீட்டிலேயே இருந்து இறந்திருக்கிறார். தத்துப் பிள்ளையின் மகன் தைசெங் நகரில் இருக்கிறார் என்று போன் போட்டார்கள். ஒரு மணி நேரத்தில் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். தமிழ்க் கணக்கில் எனக்கு மச்சான். கையில் பிஸ்கட் டின். உள்ளே பணத்தோடு வருகிற கடித உறைகள், ஈப்போ தபால் முத்திரை, பின்னால் ஹாங்காங் டாலரில் தொகை. இந்த வகைக் கடிதங்களை யுனெஸ்கோ 2013இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. மச்சான் வீட்டில் அவை தையல் ஊசிகளோடு கிடந்தன. அம்மா ஒவ்வோர் உறையாகப் புரட்டிவிட்டு, 'மாதா மாதம் தபாலாபீஸ் போவார். யாருக்கு என்று போபோ ஒரு நாளும் கேட்டதில்லை' என்றார். கோபமா வருத்தமா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் மச்சான் கொண்டுவந்த மண்சட்டி விலாங்குச் சோற்றை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

சில்லறை விஷயங்கள். சிவப்பு உறையில் பணம் எதிர்பார்த்ததைவிட இரண்டு மடங்கு கொண்டுபோங்கள், செய்தி பரவியதும் ஊரே வரும். ஈப்போ வெள்ளைக் காப்பி எல்லாருக்கும் பிடித்தது. மூதாதையருக்குப் படைக்க வறுத்த பன்றியிறைச்சி வேண்டும் என்பார்கள். அருகில் இருக்கிற சந்தைக் கடையில் காலை பத்துக்குள் தீர்ந்துவிடும், நாங்கள் கடைசித் துண்டை வாங்கினோம். உறவினர் வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் போலீஸ் நிலையத்தில் பதிய வேண்டும். அது மட்டும் பத்து நிமிடத்தில் முடிந்தது.

புத்தகத்தில் அம்மாவின் பெயர் இல்லை. பெண் பிள்ளைகளை எழுதுவதில்லை. அம்மா இதைச் சாவிக்காரரிடம் நேராகவே கேட்டுவிட்டார், 'என் பெயர் எங்கே?' என்று. அடுத்த திருத்தப் பதிப்பில் மகள்களையும் மருமகன்களையும் சேர்க்கப் போகிறார்களாம், விவரம் அனுப்புங்கள் என்றார். அம்மா பெயர் அன்றே எழுதிக் கொடுத்தாயிற்று. அப்பாவின் பெயர்தான் இழுக்கிறது. சுப்பிரமணியத்தை மூன்று சீன எழுத்துக்குள் அடக்க வேண்டும். மச்சான் வீசாட்டில் நான்கைந்து யோசனை அனுப்பிவிட்டார், அப்பாவுக்கு ஒன்றும் பிடிக்கவில்லை. 'முருகன் என்று போட்டுவிடச் சொல், அவனும் நானும் ஒன்றுதான்' என்கிறார். மச்சான் பதிலுக்கு, முருகன் யார், அவருக்கும் சொத்தில் பங்கு உண்டா என்று கேட்டிருக்கிறார்.