பின்கண்ணாடியில் வெள்ளைச் சுருள்கள்

என் ரீஃப் தொட்டியின் (பவளங்கள் வளரும் கடல்நீர்த் தொட்டி) பின்பக்கக் கண்ணாடியை நான் துடைப்பது கிடையாது. முன்பக்கமும் இரண்டு ஓரங்களும் நாங்கள் பார்ப்பதற்கு. பின்பக்கத்தை நத்தைகளுக்கும், சுண்ணாம்புபோல் படியும் கோரலைன் பாசிக்கும் விட்டுவிட்டேன். இப்போது அங்கே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகலத்தில் வெள்ளை வெள்ளையாகச் சுருள்கள், சின்னக் குழாய்ப் புழுக்களின் வீடுகள். முதலில் தண்ணீர் வழிந்து இறங்கும் ஓவர்ஃப்ளோ பெட்டிக்குள் வந்தன, அப்புறம் கீழே சம்ப் எனும் வடிகட்டும் தொட்டியின் சுவரில், அப்புறம் ஹீட்டர்மேல், கடைசியாகப் பின்கண்ணாடியில். டர்போ நத்தை ஒன்று தன் ஓட்டின்மேலேயே நாலைந்தைச் சுமந்துகொண்டு ஊர்கிறது.

பவளத் தொட்டி வைத்திருக்கும் பலரும் இதைப் பார்த்திருப்பார்கள். பார்த்ததும் கேட்பது ஒன்றுதான்: எதை ஊற்றினால் இது சாகும்? எதையும் ஊற்ற வேண்டாம் என்பதுதான் என் கட்சி. ஆனால் ஒட்டியிருப்பது என்ன என்று சரியாகப் பார்த்துவிட வேண்டும். வெள்ளையாக, குழாயாக இருப்பதெல்லாம் புழு இல்லை.

பார்ப்பதற்கு நல்ல வழி, சம்ப்பிலிருந்து சுருள் ஒட்டிய கல் சில்லு ஒன்றை எடுத்து, தொட்டித் தண்ணீரோடு ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் போட்டு, மேலே லென்ஸைப் பிடித்துக்கொள்வது. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காது. பிறகு ஏதாவது ஒரு சுருளின் வாயில் சின்ன மூடி ஒன்று மெல்ல வெளியே வரும். பாட்டிலின் கார்க் உள்ளிருந்தே தானாகத் தள்ளிக்கொண்டு வந்தால் எப்படியோ, அப்படி. அதன் பின்னாலேயே ஆரஞ்சு நிற இழைகள் விரிந்து ஓர் இறகுக் கொண்டையாகும். ஒவ்வோர் இழையிலும் இரண்டு பக்கமும் இன்னும் நுண்ணிய கிளைகள். விரல் நிழல் விழட்டும், கல்லில் உள்ள அத்தனையும் ஒரே சமயத்தில் காணாமல் போகும். திரும்ப வரும்போது மட்டும் ஒவ்வொன்றாகத்தான் வரும். தைரியசாலி முதலில் எட்டிப் பார்க்கும், பயந்தாங்கொள்ளி கடைசிவரை மூடியைத் திறக்காது.

இவை ஸ்பைரார்பிட் வகைக் குழாய்ப் புழுக்கள். கொண்டைதான் அவற்றுக்குச் செவுள், உணவு பிடிக்கும் வலையும் அதுவே. இழைகளில் உள்ள நுண்மயிர்கள் அசைந்து தண்ணீரை இழுக்க, சிக்கும் துகள்கள் இழை வழியாக வாய்க்குப் போகும். குழாய் கால்சியம் கார்பனேட்டால் ஆனது. புழு அதைத் தானே சுரந்து, வாய்ப்பக்கத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டிக்கொண்டே போகும். சுருள் இடம் சுற்றுமா வலம் சுற்றுமா என்பது இனத்தைப் பொறுத்தது. என் தொட்டியில் இரண்டும் இருப்பதாகத்தான் தெரிகிறது. கண் வலிக்கிற வேலை என்பதால் எண்ணிப் பார்க்கவில்லை.

என் மனைவி "குழாய்ப் புழு" என்று தேடியதும் திரையில் வந்தது வேறொரு ஆசாமி. 1977-ல் காலபகோஸ் அருகே ஆல்வின் நீர்மூழ்கியில் இறங்கியவர்கள் ஆழ்கடல் வெந்நீர் ஊற்றுகளில் கண்ட ராட்சதப் புழு. இரண்டு மீட்டருக்கும் மேல் வளரும், வாயும் கிடையாது, குடலும் கிடையாது, உடம்புக்குள் வாழும் பாக்டீரியா போடுகிற சோறுதான். "நம்ம சம்ப்ல இதுவா வளருது?" என்று கேட்டார். உறவுதான், ஆனால் தூரத்து உறவு என்று சொல்லிச் சமாளித்தேன்.

சரி, ஏன் இவ்வளவு வேகமாகப் பெருகுகின்றன? இரண்டு மூன்று விஷயங்கள் இவற்றுக்குச் சாதகமாக அமைந்துவிட்டன. கடல் பிராணிகள் பலவற்றின் குஞ்சுகள் நாள்கணக்கில், வாரக்கணக்கில் மிதந்து திரிய வேண்டும். தொட்டியில் அதற்குள் அழுக்கை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மரோ, துகளை வடிக்கும் ஃபில்டர் சாக்கோ, பவளமோ அவற்றை முடித்துவிடும். ஸ்பைரார்பிட் அப்படியில்லை. கருவைக் குழாய்க்குள்ளேயே, சில இனங்களில் அந்த மூடிக்குள்ளேயே, வைத்து வளர்க்கும். வெளியே விடும்போது குஞ்சு கிட்டத்தட்ட ஒட்டத் தயாராக இருக்கும். சில மணி நேரம் நீந்தினால் போதும், ஓர் இடம் பார்த்து ஒட்டிக்கொள்ளும். போதாததற்கு ஒரே புழுவில் ஆண் பாகமும் உண்டு, பெண் பாகமும் உண்டு. சில இனங்கள் துணையே இல்லாமல் தானே கருவுறவும் செய்யும். கடலுயிர்கள் ஒட்டிய லைவ் ராக்கிலோ, ஃபிராக் எனும் பவளத் துண்டின் அடிக்கட்டையிலோ ஒன்று வந்தாலும் போதும்.

இன்னொன்று, எங்கே ஒட்டுகின்றன என்பது. சுத்தமான பரப்பில் இவற்றுக்கு நாட்டமில்லை. பாக்டீரியாப் படலம் படிந்த இடமாகப் பார்க்கும், முன்பே தங்கள் இனம் குடியேறிய இடம் என்றால் இன்னும் பிடிக்கும். கண்ணாடி துடைக்கும் மேக்னெட் கிளீனர் ஓடும் முன்கண்ணாடியில் ஒன்றுகூட இல்லாமல் பின்கண்ணாடி நிறைந்திருப்பதற்கு இதுதான் காரணம். கிளீனர் எட்டாத சிலிகான் மூலையில் மட்டும் ஒரு வரிசை நிற்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலே தீனி. தண்ணீரில் மிதக்கும் துகள் இல்லாமல் இந்தக் கூட்டம் பெருகாது. நான் சன் கோரல் என்ற பவளத்துக்காக உறைந்த மைசிஸும் (இறால்போன்ற சின்ன உயிரி) நுண்ணிய பொடி உணவும் போடத் தொடங்கிய பிறகுதான் சம்ப் வெளுத்தது. அதனால் இந்தச் சுருள்களை நான் ஒரு டெஸ்ட் கிட்டாகவே பார்க்கிறேன். நைட்ரேட் டெஸ்ட் தண்ணீரில் கரைந்ததைச் சொல்லும், கரையாமல் மிதப்பதைச் சொல்லாது. இவை சொல்லும். புதுச் சுருள்கள் திடீரென்று கூடினால் பொடியைக் குறைக்கிறேன், ஃபில்டர் சாக்கை அடிக்கடி மாற்றுகிறேன். கொஞ்ச காலத்தில் புதிதாக ஒட்டுவது தானாகவே அடங்குகிறது. செத்தவற்றின் வெற்றுக் குழாய்கள் மட்டும் அப்படியே நிற்கும். அதை வைத்துப் புழு குறையவே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. லென்ஸில் பார்த்தால் பாதி வீடு காலி.

இனி, புழுமாதிரி ஏமாற்றும் அந்த இன்னொரு ஆள். வெர்மெட்டிட். இது புழுவே இல்லை, குழாய்க்குள் வாழும் நத்தை. குட்டியாக இருக்கும்போது கல்லோடு சுருண்டு கிடக்கும், அப்போது ஸ்பைரார்பிட் என்றே தோன்றும். வளர வளரக் குழாய் நிமிர்ந்து கூராக நீட்டிக்கொள்ளும். கல்லை நகர்த்தக் கை விட்டால் விரலைக் கிழிக்கும். உறுதி செய்துகொள்ள, பம்பை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் தீனியைத் தூவுங்கள். இறகுக் கொண்டை விரிந்தால் புழு. கொண்டை இல்லாமல் சிலந்தி நூல்மாதிரி சளி இழை மிதந்து, பிறகு அது குழாய்க்குள் சுருட்டி இழுக்கப்பட்டால் வெர்மெட்டிட்.

அந்தச் சளி பவளத்தின்மேல் படிந்தால் பாலிப்கள் (பவளத்தின் சின்னச் சின்ன உயிர்கள்) விரியாது. இது தொட்டிக்காரர்களின் புலம்பல் மட்டுமில்லை. பிரெஞ்சு பாலினேசியாவின் மூரியா தீவில் நடந்து 2010-ல் வெளியான ஆய்வு ஒன்றும், வெர்மெட்டிட் இருக்கும் இடத்தில் பவளங்களின் வளர்ச்சியும் பிழைத்திருக்கும் வாய்ப்பும் குறைவதைக் காட்டியது. இதற்கு நான் இரக்கம் காட்டுவதில்லை. குழாய் வாயில் ஒரு சொட்டு ஜெல் சூப்பர்குளூ வைத்து அடைத்துவிடுவேன். இடுக்கியால் ஒடித்தால் நத்தை அடிக்குழாய்க்குள் பத்திரமாக இருந்துகொண்டு மறுபடி கட்டத் தொடங்கும். ஒடித்த இடத்தையும் பசையால் மூட வேண்டும்.

சுருள் புழுக்கள் எனக்குக் கொடுக்கும் தொல்லை ஒரே இடத்தில்தான்: பம்பு. சம்ப்பிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் பம்பு திடீரென்று கரகரவென்று சத்தம் போட ஆரம்பித்தது. கழற்றினால் தண்ணீரைத் தள்ளும் சுழலியான இம்பெல்லர் இருக்கும் குழியின் உள்சுவர் முழுக்க வெள்ளைப் படிவு. உள்ளே தண்ணீர் ஓயாமல் ஓடுகிறது, வெளிச்சம் இல்லை, மேய வரும் நத்தையும் இல்லை. புழுவுக்கு இதைவிட நல்ல மனை எங்கே கிடைக்கும்? இம்பெல்லருக்கும் சுவருக்கும் நடுவில் இடைவெளி ரொம்பக் குறைவு, சின்னச் சுருளே உரசும். சுரண்டினால் பிளாஸ்டிக் கீறும், பீங்கான் தண்டு உடையும். அதனால் வாளியில் ஒரு பங்கு வெள்ளை வினிகர், ஒரு பங்கு தண்ணீர் ஊற்றிப் பம்பை அதற்குள்ளேயே அரை மணி நேரம் ஓட விடுகிறேன். குழாய் சுண்ணாம்பு என்பதால் நுரைத்துக் கரைந்துவிடும். மீதியைப் பழைய பல் துலக்கியால் தேய்த்தால் வந்துவிடுகிறது. சிட்ரிக் அமிலக் கரைசலும் இதையே செய்யும், வீட்டில் நாற்றமும் இருக்காது. எதுவானாலும் நன்றாக அலசிய பிறகே திரும்பத் தொட்டியில்.

தண்ணீரில் உள்ள கால்சியத்தைப் புழு தின்றுவிடாதா என்று சிலர் கேட்கிறார்கள். எடுத்துக்கொள்ளும், சுண்ணாம்பை வெறுங்காற்றிலிருந்தா செய்ய முடியும். ஆனால் அது முதலில் தெரிவது, தண்ணீர் அமிலத்தைத் தாங்கும் திறனான ஆல்கலினிட்டியில். சுண்ணாம்பு படியும்போது ஆல்கலினிட்டி 1 டிகேஹெச் (அதை அளக்கும் அலகு) இறங்கினால் கால்சியம் சுமார் 7 பிபிஎம்தான் (பத்து லட்சத்தில் 7 பங்கு) இறங்கும். 420 இருக்கிற இடத்தில் 7 குறைந்தால் நம் டெஸ்ட் கிட்டுக்குத் தெரியவே தெரியாது. அதையும் சுண்ணாம்புக் கூடு கட்டி வளரும் ஸ்டோனி பவளங்கள் எடுப்பதையும் பக்கத்தில் வைத்தால் புழுவின் பங்கு பெரிதாக இருக்காது என்பது என் கணிப்பு.

காப்பர்பேண்ட் வண்ணத்துப்பூச்சி மீனை விட்டால் தின்றுவிடும் என்ற யோசனையும் வரும். அது குழாய்ப் புழுக்களைத் தின்னும் மீன்தான், ஆனால் சின்னச் சுருள்களோடு நிற்குமா? நான் ஆசையாக வைத்திருக்கும் பெரிய இறகுப் புழுவைத்தான் முதலில் கொத்தும். தவிர, அந்த மீனைத் தீனிக்குப் பழக்குவதே பெரும்பாடு, பல தொட்டிகளில் பட்டினியிலேயே போய்விடுகிறது. பின்கண்ணாடியில் இருக்கும் புள்ளிகளுக்காக ஒரு மீனைப் பணயம் வைக்க எனக்கு மனமில்லை.

என்னிடம் ஃபிராக் வாங்கிப் போகிறவர்களுக்கு மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: அடிக்கட்டையில் சுருள் இருக்கும், பூச்சி போக்கும் டிப் கரைசலில் முக்கினாலும் மூடியை இழுத்துச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கும். வேண்டாம் என்றால் பவளத்தைக் கட்டையிலிருந்து வெட்டிப் புதுக் கட்டையில் ஒட்டிக்கொள்ளுங்கள், பழைய கட்டையை என்னிடமே கொடுத்துவிடுங்கள். வினிகரில் ஊறப் போட்டால் எனக்கு மறுபடி உதவும்.