மானிட்டரில் தொடங்கிய கார்டு கணக்கு

2025 பிப்ரவரியில் தம்பியும் நானும் சேர்த்து வைத்திருந்தது 80,000 ரூபாய். மானிட்டரையும் சேர்த்து அந்தப் பணத்துக்குள் ஒரு கேமிங் கம்ப்யூட்டர் வாங்க வேண்டும், அதன் பாகங்களை நாங்களே பொருத்த வேண்டும் என்பது ஆசை. முதல் இரண்டு வாரம் இரவெல்லாம் கிராபிக்ஸ் கார்டு வீடியோக்கள்தான் பார்த்தோம். ஒவ்வொரு வீடியோ முடியும்போதும் இன்னும் இரண்டாயிரம் போட்டால் இதைவிட நல்லது கிடைக்குமே என்று தோன்றும். அப்படியே ஏறி ஏறி ஒருநாள் கார்டு மட்டும் 45,000 ரூபாயில் வந்து நின்றது.

மறுநாள் கணக்கைத் திருப்பிப் போட்டோம். கிராபிக்ஸ் கார்டு என்ன வரைகிறதோ அது மானிட்டருக்காகத்தான், அதனால் மானிட்டரிலிருந்து தொடங்கினோம். 1080பி திரையில் 1920க்கு 1080, அதாவது ஒரு பிரேமுக்கு, திரையில் வரும் ஒவ்வொரு படத்துக்கும், ஏறக்குறைய 20.7 லட்சம் புள்ளிகள். 1440பி என்றால் 36.9 லட்சம். ஒன்றே முக்கால் மடங்குக்கும் மேல் வேலை. எங்கள் மேசையில் 24 அங்குலத்துக்கு மேல் வைக்க இடமில்லை, அந்த அளவுக்கு 1080பி போதும். நொடிக்கு 165 முறை படத்தை மாற்றும் 165 ஹெர்ட்ஸ் மானிட்டர் ஒன்றை முடிவு செய்ததும் மேல்தட்டு கார்டுகள் எல்லாம் தானாகவே பட்டியலை விட்டுப் போயின.

நண்பர் ஒருவர் தன் பழைய ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கார்டைக் குறைந்த விலைக்குத் தருவதாகச் சொன்னார். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அதில் ரே டிரேசிங்குக்கான, அதாவது ஒளி பட்டுத் திரும்புவதைக் கணக்கிட்டு வரைவதற்கான, தனி வன்பொருள் கிடையாது, மெமரியும் 6 ஜிபிதான். 2024 டிசம்பரில் வந்த இந்தியானா ஜோன்ஸ் கேம் அந்த வன்பொருள் இல்லாத கார்டில் ஓடாது, குறைந்தது 8 ஜிபி மெமரியும் கேட்கிறது. இனி வரும் கேம்களும் இதே வழியில் போகலாம் என்று நினைத்து, அதை விட்டுவிட்டோம்.

மிஞ்சியது நான்கு கார்டுகள்: ஆர்டிஎக்ஸ் 3060, ஆர்டிஎக்ஸ் 4060, ஆர்எக்ஸ் 7600, இன்டெல் ஆர்க் பி580. 12 ஜிபி மெமரியோடு பி580 என்னை வெகுவாக இழுத்தது. விலைக்கு இவ்வளவு தரும் கார்டு வேறில்லை என்றே நினைத்தேன். ஆனால் அது தன் வேலையில் ஒரு பகுதியை பிராசசர் மேல் போடுகிறது. ரைசன் 5 5600 போன்ற பிராசசரோடு சோதித்தவர்கள் சில கேம்களில் வேகம் நன்றாகவே விழுவதைக் காட்டினார்கள். எங்கள் பட்ஜெட்டில் வரும் பிராசசர் அதேதான். புதிய தலைமுறை பிராசசர் வாங்குகிறவர்களுக்கு இன்றும் பி580ஐத்தான் சொல்வேன்.

அப்புறம் சூடு. பி580 190 வாட், 3060 170, 7600 165, 4060 115. கார்டு இழுக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் அறைக்குள் வெப்பமாகத்தான் வந்து சேரும். எங்களுடையது சென்னையில் மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறை, ஏசி கிடையாது. மே மாதத்தை நினைத்ததும் 4060 பக்கம் சாய்ந்துவிட்டேன்.

அதில் எனக்கிருந்த ஒரே கவலை 8 ஜிபி. மெமரி நிறைந்துவிட்டால் மீதித் தகவலை மதர்போர்டு வழியாகக் கம்ப்யூட்டரின் ராமிலிருந்து எடுக்க வேண்டும். கார்டின் சொந்த மெமரி நொடிக்கு 272 ஜிபி வேகம். பிசிஐஇ எனப்படும் இந்த வழியோ, அதன் 4.0 பதிப்பானாலும் ஏறக்குறைய 16 ஜிபிதான், ஏனென்றால் 4060 பயன்படுத்துவது அதில் எட்டு லேன், அதாவது எட்டுத் தடம், மட்டும். பழைய 3.0 போர்டில் அதுவும் பாதியாகி 8 ஆகிவிடும். 12 ஜிபி கார்டுக்கு இது பெரிதாகத் தெரியாது, 8 ஜிபி கார்டில் படம் திக்கித் திக்கி வருவதே இதனால்தான். 3.0 மட்டுமே தரும் பி450 மதர்போர்டில் மிச்சமாகும் பணத்தை விட்டுவிட்டு, 4.0 தரும் பி550 எடுத்தது இதற்காகவே.

சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் ஒரு கடையில், "5600ஜி பிராசசர் எடுத்துக்கோங்க சார், கார்டு இல்லாமலே டிஸ்ப்ளே வரும்" என்றார்கள். கார்டைப் பிறகு வாங்குகிறவர்களுக்கு அது சரியான யோசனை. ஆனால் அந்தப் பிராசசர் பிசிஐஇ 3.0 வரைதான், பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான மெமரியான எல்3 கேஷும் 5600ல் இருப்பதில் பாதி, 16 எம்பி. பி550க்குக் கொடுத்த பணம் வீணாகும். அதே கடையில் கேபினெட்டோடு பெயர் தெரியாத ஒரு எஸ்எம்பிஎஸ்ஸையும் (எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் கொடுக்கும் பெட்டி) சேர்த்துத் தரப் பார்த்தார்கள். மறுத்துவிட்டு, மின்சாரத்தை அதிகம் வீணாக்காததற்கான 80 பிளஸ் பிரான்ஸ் சான்று உள்ள 550 வாட் ஒன்றைத் தனியாக வாங்கினோம். 28,500 ரூபாய் கார்டுக்கு மின்சாரம் கொடுப்பது அதுதானே.

எல்லாவற்றையும் பொருத்த ஆறு மணி நேரம் ஆனது. ஸ்விட்ச் போட்டதும் விசிறிகள் சுற்றின, திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. ராமைக் கழற்றி மாட்டினோம், கார்டைக் கழற்றி மாட்டினோம். ஒரு மணி நேரம் கழித்துத் தம்பிதான், "அண்ணா, கேபிளை மதர்போர்டுல சொருகியிருக்கோம்" என்றான். 5600ல் உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லாததால் அந்த போர்ட்டில் எதுவும் வராது. கேபிளைக் கார்டுக்கு மாற்றிய நொடியில் படம் வந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் விண்டோஸில் மானிட்டர் 60 ஹெர்ட்ஸிலேயே இருப்பதைப் பார்த்து 165க்கு மாற்றினோம். மவுஸை நகர்த்தும்போதே வித்தியாசம் தெரிந்தது.

சைபர்பங்க் 2077 ஹை அமைப்பில், ரே டிரேசிங் இல்லாமல், நொடிக்கு 80 பிரேமை ஒட்டி ஓடுகிறது. ரே டிரேசிங் போட்டால் 45க்கு இறங்குகிறது. டிஎல்எஸ்எஸ் என்ற வசதியைக் குவாலிட்டியில் வைத்தால் மறுபடி 60ஐத் தாண்டும், ஆனால் 1080பி திரையில் அது உள்ளே 720பியில் வரைந்து பெரிதாக்குவதால் தூரத்துக் கம்பிகளும் மர இலைகளும் கொஞ்சம் மங்குகின்றன. நான் ரே டிரேசிங்கை அணைத்துவிட்டே ஆடுகிறேன், தம்பிக்கு ஈரச் சாலையில் விளக்குகள் மின்ன வேண்டும். இந்தியானா ஜோன்ஸில், பரப்புகளின் படங்களுக்கு மெமரி ஒதுக்கும் டெக்ஸ்சர் பூலை ஒரு படி குறைத்ததும் திக்கல் நின்றது. அந்த ஒரு இடத்தில் 12 ஜிபி இருந்திருக்கலாமே என்று உண்மையாகவே ஏங்கினேன்.

நேற்று மதியம் அறையில் 34 டிகிரி, ஒரு மணி நேர ஆட்டத்துக்குப் பிறகு கார்டு 71. கேபினெட்டின் முன்பக்கத்துக்கு இன்னொரு 120 மிமீ விசிறி வாங்கி வைத்திருக்கிறேன். ஞாயிறன்று மாட்டிவிட்டு மறுபடி அளந்து பார்க்க வேண்டும்.